பசுவின் கழுத்தில் பர்மா மணி

அந்த மணிக்கு ஆயிரத்து நூறு வயது என்று பேராசிரியர் என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அறிவித்தபோது, அது ஒரு பசுவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பசுவோ, நான் அரும்பாடுபட்டு வளர்த்த கத்தரிச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. இருவரையும் ஒரே நேரத்தில் விரட்ட எனக்குக் கை போதவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நான் நர்ஸ். எனக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்து ஒடுகத்தூர். மலைக்கு மாற்றல் வந்தது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். மேலே வந்து பார்த்தால் துக்கப்பட ஒன்றுமில்லை. பிரசவம், பேதி, பாம்புக்கடி, கோடரி வெட்டு. மருந்து இருக்கும் நாளில் நோயாளி வரமாட்டார். நோயாளி வரும் நாளில் மருந்து, மலையிலேயே பெரிய ஊரான ஜமுனாமரத்தூரில் இருக்கும். மற்றபடி சௌக்கியம்தான்.

பசு என் பக்கத்து வீட்டு அக்காவுடையது. புருஷன் போய்ப் பல வருஷமாகிவிட்டது, ஒரே மகன், கொஞ்சம் சாமை நிலம், நாலு புளியமரம், இந்தச் செவலைப் பசு. எனக்குப் பால் ஊற்றுவது அவள்தான். பால் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி ஓடைத் தண்ணீர்.

ஆனால் அந்த மணியைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். மற்ற மாடுகளுக்கெல்லாம் மரத்தில் குடைந்த மணி. லொடலொடவென்று சத்தம் வரும். செவலைக்கு மட்டும் கை அகலத்துக்கு ஒரு வெண்கல மணி. ஒரு தலையாட்டு ஆட்டினால் ‘டங்’ என்று கிளம்பி, எதிர்ச் சரிவு வரை போய்த் திரும்பி வரும். காலையில் ஊர் மாடு முழுக்க அதன் பின்னால் காட்டுக்குப் போகும், சாயங்காலம் அதன் பின்னாலேயே திரும்பி வரும். மேய்க்கிற ஆளுக்கு வேலையே கிடையாது. அந்த ஆள் அக்காவின் மகன்.

வேலை இல்லாத ஆள் சும்மா இருப்பானா? எதிர்ச் சரிவு ஊரில் ஒரு பெண், தன் அப்பாவின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவாள். அவள் மாடுகளும் இந்த மணிச் சத்தத்துக்கு மயங்கி இந்தப் பக்கம் வந்துவிடும். பிரித்து ஓட்ட அவள் வருவாள், கூடச் சேர்ந்து பிரிக்க இவன் போவான். மாடுகளைப் பிரித்தார்கள், சரி. தாங்கள் பிரிவதை மறந்துபோனார்கள். ஊருக்குத் தெரிந்து, பேச்சு நடந்து, கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். கீழே எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவன் வரதட்சணைக்குச் சாகிறான். மேலே பையனைப் பெற்றவள் பரியத்துக்கு அலைகிறாள். மலை ஏறினால் நியாயமும் தலைகீழாகிவிடும்போல என்று நான் சொல்லிச் சிரிப்பேன். பெண்ணின் அப்பா தானியம் கேட்டார், புடவை கேட்டார். கடைசியில், “மணி மாடு வேணும்,” என்றார். மாடு இல்லை, மணி மாடு. அதாவது அந்த மாடு, அந்த மணியோடு. தினமும் காது குளிரக் கேட்ட சத்தம், இனி தன் வாசலில் கேட்க வேண்டுமாம். அக்கா சரி என்றாள். ஊர்க்கவுண்டர் முன்னால் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

வெற்றிலை மாற்றிவிட்டால் முடிந்தது. சொன்ன பொருளில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், பேச்சு முறிந்ததாக அர்த்தம். முறிந்தால் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போக அவளுடைய தாய்மாமன் ஒருவன் மீசையைத் தடவிக்கொண்டு தயாராக இருந்தான். முறைமாமன், கேட்கவும் உரிமை உண்டு.

இந்த நிலைமையில்தான் பேராசிரியர் வந்து சேர்ந்தார்.

மலைவாழ் மக்களின் பூர்வீகத்தை ஆராய வந்தவர் அவர். ஜமுனாமரத்தூரில் அரசாங்க பங்களாவில் தங்கியிருந்தார், ஜீப் ஒன்று கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தவர் பூர்வீகத்தை விட்டுவிட்டு மலைத்தேனை ஆராய்ந்திருக்கிறார், டம்ளர் டம்ளராக. வயிறு கேட்குமா? என்னிடம் வந்தார்.

“வூட்டுக்குள்ள வந்து உக்காருங்க சார், மாத்திரை தர்றேன்,” என்றேன்.

“வூடு இல்லை அம்மா, வீடு,” என்றார், வயிற்றைப் பிடித்துக்கொண்டே. “நீங்கள் படித்தவர். இப்படிக் கொச்சையாகப் பேசலாமா?”

பேதிக்கு மாத்திரை வாங்க வந்த இடத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். இரண்டு மாத்திரைக்குப் பதில் ஒன்று கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை, இரண்டே கொடுத்தேன்.

மாத்திரையை விழுங்கித் தலை நிமிர்ந்தவர் கண்ணில், வெளியே கத்தரிச் செடியும் பசுவும் மணியும் பட்டன. அவ்வளவுதான், பேதி நின்றுவிட்டது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். என் இஞ்ச் டேப்பைக் கேட்டு வாங்கினார். பசுவின் கழுத்துக்குக் கீழே மண்டியிட்டு மணியை அளந்தார், பேனாவால் தட்டினார், தட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

“பர்மா,” என்றார்.

“இன்னா சார்?”

“இந்த ஒலி. இது பர்மிய ஒலி. இதோ பாருங்கள், விளிம்புக்கு மேலே இரண்டு வரி லிபி. ஆயிரத்து நூறு வருஷம் இருக்கும்.”

பார்த்தேன். பச்சைக் களிம்புக்கும் மாட்டு அழுக்குக்கும் நடுவில் எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. எது தலை எது வால் என்று தெரியாமல் சுருண்டு கிடந்தன. ஆனால் மேல் வரியின் கடைசி எழுத்தைப் பார்த்தால் எனக்குப் ‘ப’ மாதிரி இருந்தது. மாதிரி என்ன மாதிரி, அப்பட்டமான ‘ப’.

“சார், இது ப தானே?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எல்லா லிபியிலும் ஏதோ ஒரு எழுத்து நம்முடைய ஏதோ ஒரு எழுத்தைப் போலத் தோன்றும். அது பாமரர்களுக்கு ஏற்படும் மயக்கம்.”

“சரிங்க சார். ஆனா உள்ள நாக்கு லாரி போல்ட்டா இருக்குதே?”

“பிற்காலச் சேர்க்கை,” என்றார் ஒரு நொடிகூட யோசிக்காமல். அப்பப்பா, படிப்பென்றால் இதுதான். நானாக இருந்தால் கொஞ்சமாவது திணறியிருப்பேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். பேராசிரியர் அவளிடம் பணிவாகக் கேட்டார்: “அம்மா, இந்த மணி எங்கிருந்து வந்தது?”

“எங்க இருந்து வரும் சாமி? மாட்டோடதான் வந்துது.”

“மாடு எங்கிருந்து வந்தது?”

“அது ஆத்தா வயித்துல இருந்து வந்துது. வேற எங்க இருந்து வரும்?”

அன்றைக்கு அவர் அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த முறை வந்தபோது, மணியை வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை தன் மாமனாருக்குக் கொடுத்தார் என்று அக்கா சொன்னாள். இன்னொரு பாக்கெட். அதற்கடுத்த முறை, நிலத்தில் ஏர் ஓட்டும்போது கொழுமுனையில் தட்டுப்பட்டது என்றாள், அப்போது பூமி அதிர்ந்ததாம். இரண்டு பாக்கெட். பேராசிரியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒன்றுக்கொன்று ஒட்டாதே என்று கேட்டேன். வாய்மொழி வரலாறு அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கும் என்றார். பிஸ்கட் தீர்ந்ததும் வரலாறும் நின்றுபோனது.

நான் அவளைத் தனியாகக் கேட்டேன். “அக்கா, நெஜமா அது எங்க இருந்து வந்துது?”

“யாருக்குத் தெரியும் நர்சம்மா? நான் வாக்கப்பட்டு வந்தப்பவே ஒரு மாட்டு கழுத்துல கெடந்துது. பாவம், அந்த மனுசன் ஆசையா கேக்கறாரு. இல்லன்னு சொல்ல மனசு வர்ல.”

பேராசிரியருக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. பர்மா என்றவர் அடுத்த தடவை சயாம் என்றார். அவர் கூட்டிவந்த சிநேகிதர் ஒருவர் சீனா என்றார். இரண்டு பேரும் என் வாசலில் நின்று, என் காப்பியைக் குடித்துக்கொண்டு, ஒரு மாட்டு மணிக்காக ஆசியாக் கண்டத்தையே பங்கு போட்டார்கள். ராஜாக்கள் காலத்தில் கப்பலில் வந்ததாம். “கடல்ல இருந்து இந்த மலைக்கு எப்பிடி சார் வந்திருக்கும்?” என்றேன். வணிகப் பெருவழி இருந்ததாம். எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. நான் ஒடுகத்தூர் போக வேண்டுமென்றால் காலையில் நடக்க ஆரம்பித்து, ஜீப்காரன் காலில் விழுந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, இருட்டுவதற்குள் போனால் அதிர்ஷ்டம். சயாம்காரன் மட்டும் மணியோடு சுலபமாக ஏறி வந்திருக்கிறான்.

எழுத்தையும் அவர் படித்துவிட்டார். முழுதாக இல்லை, சாராம்சம். இரண்டாவது வரியில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருகிறதாம். ஆகவே அது பௌத்த மந்திரம். பற்றுகளை விடுவது, விடுதலை, அந்த மாதிரி ஏதோ ஒரு உயர்ந்த பொருள்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் எல்லாம் அதே பேச்சு. தன் மாடு மந்திரம் போட்ட மணியைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்றதும் பாலில் தண்ணீர் ஊற்றப் பயந்துவிட்டாள். அந்த ஆராய்ச்சியால் நாட்டுக்குக் கிடைத்த ஒரே பலன், எனக்குச் சில நாள் கெட்டியான காப்பி.

பிறகு ஒரு நாள் பேராசிரியரின் ஜீப்பில் ஒரு ஆபீசரும் வந்து இறங்கினார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட புராதனப் பொருளுக்குச் சட்டம் இருக்கிறது என்றார். அந்தச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அவருக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. கூட வந்த பியூன் பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. “சாமி, சாமி! பரியத்துக்கு அது வேணும் சாமி! பேச்சு குடுத்திருக்கறேன்.”

“இது நாட்டின் சொத்து அம்மா,” என்றார் பேராசிரியர்.

“நாட்டு சொத்து எப்பிடிங்க ஆவும்? மாட்டு சொத்து!”

“பரிசோதனை முடிந்ததும் பார்க்கலாம்,” என்றார் ஆபீசர். ஜீப் கிளம்பியது. மேடு பள்ளத்தில் ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போக, உள்ளே இருந்து ‘டங் டங்’ என்று மணி கேட்டுக்கொண்டே இருந்தது. செவலை காதை நிமிர்த்திக்கொண்டு ஜீப்பின் பின்னாலேயே ஓடியது. அதன் பின்னால் ஊர் மாடு அத்தனையும் ஓடின. சிரிப்பு வந்திருக்க வேண்டிய காட்சிதான். எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அக்கா ஒரு பால்பவுடர் டப்பாவுக்குள் கல்லைப் போட்டு செவலை கழுத்தில் கட்டினாள். ஒரு மாடும் அதை மதிக்கவில்லை. மந்தை நாலா பக்கமும் சிதறியது. ஒன்று அடுத்த ஊர் கேழ்வரகில் வாயை வைத்தது. அந்த ஊர்க்காரர்கள் அதைப் பிடித்துப் பட்டியில் போட்டுவிட்டார்கள். வெள்ளாமை மேய்ந்த மாட்டை அடைத்து வைத்து, உடையவன் வந்து கெஞ்சி அபராதம் கட்டிய பிறகே விடுவது அங்கே வழக்கம். பட்டியில் போடுவது என்று சொன்னால் மாட்டுக்காரனுக்குச் சோறு இறங்காது. மகன் காடு காடாக அலைந்து மாடு தேடினான். எல்லாரும் அவனைத் திட்டினார்கள்.

எதிர்ச் சரிவிலிருந்து ஆள் வந்தது. பெண்ணின் அப்பா கேட்டு அனுப்பியிருந்தார்: மணிச் சத்தமே காணோமே, விற்றுத் தின்றுவிட்டீர்களா? பரியத்தன்று மணி மாடு வரவில்லை என்றால் பெண் வராது. தாய்மாமன் அவர்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறானாம், சாப்பாடுகூட அங்கேதானாம். பங்களாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அக்கா சொன்னதை வந்த ஆள் நம்பவே இல்லை.

மகன் அதைக் கேட்டுவிட்டு வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தான். அக்கா என்னிடம் வந்து நின்றாள். “நர்சம்மா, எனக்கு அந்த மந்திரமும் வேணாம், ஒரு எழவும் வேணாம். மணி கெடைச்சா போதும். என் புள்ள மொகத்தைப் பாக்க முடியல.” அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, கோபமாக வெளியே வந்தது. “கெளம்பு அக்கா,” என்றேன்.

சந்தை நாளாகப் பார்த்து ஜமுனாமரத்தூர் போனோம். பங்களாவில் உள்ளே கூட்டம். பேராசிரியர், ஆபீசர், சீனா சிநேகிதர், இன்னும் யார் யாரோ. வாசலில் இருந்த பியூன் எங்களை விடவில்லை. முக்கியமான மீட்டிங் நடக்கிறதாம், மணியைப் பற்றித்தான். மணிக்காரி வந்திருக்கிறாள் என்று சொன்னேன். மணிக்காரிக்கெல்லாம் உள்ளே வேலை இல்லை, வெளியே இருங்கள் என்றான். சரி என்று சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே நின்றோம்.

கண்ணாடி ஜன்னல் அது. உள்பக்கம் கண்ணாடியின் மேல், ஓவர்சியர்கள் படம் வரைகிற டிரேசிங் பேப்பர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். மணியின் எழுத்து மேல் அந்தத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. வெளிச்சம் ஊடுருவி எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று அங்கே ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் அதை முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெளியே நின்றதால் பின்பக்கம் பார்த்தோம்.

நான் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

முதல் எழுத்து ‘ப’. மணியில் வரிக் கடைசியில் நின்ற என் பழைய சிநேகிதன், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ‘ப’வாகவே நிற்கிற நல்லவன். ஆனால் இப்போது அவன் கூட்டாளிகளும் திரும்பி நின்றார்கள். சுருண்டு கிடந்ததெல்லாம் நிமிர்ந்துவிட்டது. நான் வாய்விட்டுப் படித்தேன்.

“பட்டில போடாதே. வுட்டுடு.”

“இன்னாது?” என்றாள் அக்கா.

“மணில எழுதி இருக்குது அக்கா. பட்டில போடாதே, வுட்டுடு.”

அக்கா அந்தத் தாளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “யாரோ நம்ம ஆளுதான்! வெள்ளாமை மேயற மாட்ட வச்சினு இருந்திருக்கறான் பாவி!”

விஷயம் இவ்வளவுதான். எங்கள் பக்கத்து வார்ப்புக்காரன் எவனோ, அச்சு மண்ணில் எழுத்தை நேராக எழுதியிருக்கிறான், சிலேட்டில் எழுதுகிற மாதிரி. அச்சில் நேராக எழுதினால் வார்த்தெடுக்கும்போது திரும்பித்தான் வரும். அந்த நொடிக் கவனக்குறைவுக்குப் பர்மா, சயாம், சீனா என்று பெயர் வைத்து, மந்திரமும் ஓதிவிட்டார்கள்.

எங்கள் சிரிப்புக்கு ஜன்னல் திறந்தது. ஆபீசர் எட்டிப் பார்த்து அதட்டினார். “சார், இந்தப் பக்கம் வந்து படிங்க சார்,” என்றேன். வந்தார். படித்தார். சத்தமாகப் படித்தார். அவருக்கும் தாங்கவில்லை, சிரித்துவிட்டார். பேராசிரியரும் வந்தார். படித்தார், உள்ளே போய்ப் பார்த்தார், மறுபடி வெளியே வந்து படித்தார். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இந்தப் பக்கம் அது தமிழாகவே இருந்தது.

“இருக்க முடியாது,” என்றார். “வுட்டுடு என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது.”

“இருக்குது சார்,” என்றேன். “ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, யாரு சட்டையையாவது பிடிச்சிப் பாருங்க. ஒடனே கேக்கும்.”

ஆபீசர்தான் கேட்டார், அப்படியானால் வயது என்ன என்று. முப்பது நாற்பது வருஷம் இருக்கலாம் என்று பேராசிரியர் முனகினார்; சாவுச் செய்தி சொல்கிற குரல். பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஆயிரத்து நூறு வயதாக இருந்தது. இத்தனை வேகத்தில் இளமை திரும்பிய வேறு எதையும் நான் கண்டதில்லை. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அதற்குப் பிறகு மணி தேவைப்படவில்லை. பர்மாக்காரன் செய்தால் பொக்கிஷம், ஒடுகத்தூர்க்காரன் செய்தால் பழைய வெண்கலம். பியூன் ஒரு பழைய துணியில் சுற்றி மணியைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தான்.

அக்கா துணியை அவிழ்த்து, ஆசையாக ஒரு ஆட்டு ஆட்டினாள்.

‘டக்.’

மறுபடி ஆட்டினாள். டக், டக். உடைந்த சட்டியைத் தட்டினது மாதிரி.

விளிம்பில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இல்லை. உலோகம் எந்த நாட்டுச் சேர்மானம் என்று பார்க்க, ரம்பத்தால் அறுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்களாம். அறுத்த இடத்திலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் மேலே ஓடியிருந்தது. நான் அங்கே என்னென்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். ‘வுட்டுடு’வை விடக் கொச்சையான தமிழ் அது. பேராசிரியர் திருத்தவில்லை.

திரும்பி வரும் வழி முழுக்க அக்கா மணியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

பரியத்தன்று நானும் கூடப் போனேன். தானியம், புடவை, பூ, வெற்றிலை, முன்னால் செவலை. கழுத்தில் மணி. நடந்தால் டக், டக். பெண் வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. தாய்மாமன் ஓரமாக நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பா தானியத்தைத் தொட்டுப் பார்த்தார், புடவையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு செவலையிடம் வந்து மணியைப் பிடித்து ஆட்டினார்.

“இது அந்த மணி இல்ல.”

“அதேதாங்க,” என்றாள் அக்கா.

“எனக்கு காது செவிடுன்னு நெனச்சினியா? எத்தினி வருசமா கேக்கறேன். அந்த மணிய வித்துட்டு, இன்னாத்தையோ கட்டி இஸ்துனு வந்திருக்கறீங்க.”

நான் முன்னால் போனேன். “அதே மணிதாங்க. எழுத்து இருக்குது பாருங்க, பட்டில போடாதேன்னு. ஆனா திருப்பிப் போட்டு எழுதி இருக்கும். அதை ஜன்னல் வழியா பார்த்தா...”

“நர்சம்மா, நீங்க சும்மா இருங்க. எழுத்த வச்சினு நான் இன்னா பண்றது? மணின்னா சத்தம்தானே?”

பர்மா என்றவரையும் சீனா என்றவரையும் வாயால் மடக்கின எனக்கு, இந்த மனுஷனிடம் சொல்லப் பதில் இல்லை. அவர் கேட்டது சரி. வெற்றிலை மாற்றிக்கொண்டது அந்தச் சத்தத்துக்கு. அது அறுபட்டு எந்த ஊர் பரிசோதனைச் சாலையிலோ கிடந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். பேச்சை முறிக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தாய்மாமன் ஒரு அடி முன்னால் வந்தான். அக்கா செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தப் பேராசிரியர் மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் இன்றைக்கு நான் ஜெயிலில் இருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். பெரியவர்கள் பேசும் இடத்துக்குக் கல்யாணப் பெண் வருவது அங்கே வழக்கமில்லை. நேராக செவலையிடம் போனாள், மணியைக் கையில் எடுத்தாள், காதோடு வைத்து நன்றாக ஆட்டினாள். டக், டக், டக். ஊரே கேட்டது.

“அதே மணிதாம்ப்பா,” என்றாள். “தெனமும் காட்டுல கேட்டவ நானு. எனக்குத் தெரியாதா?”

“இன்னாடி பேசற? சத்தத்தப் பாரு!”

“ஜமுனாமரத்தூர் பங்களாவுல எல்லாம் போய்ட்டு வந்திருக்குது. தண்ணி ஒத்துக்கல. தொண்ட கட்டிகிச்சி.”

அவள் பச்சைப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மணியைப் பற்றி எத்தனையோ பேர் என்னென்னவோ சொன்ன பிறகு, முதல் தடவையாக ஒருத்தி சொன்னது முழுக்க உண்மை என்பது எனக்கும் அக்காவுக்கும் அவள் மகனுக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. அவளும் பொய் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

அவள் அப்பா அவளையே பார்த்தார். பிறகு அந்தப் பையனைப் பார்த்தார். மணியை அவள் கையிலிருந்து வாங்கி, தன் காதோரம் வைத்து, இன்னொரு தடவை மெதுவாக ஆட்டினார்.

“ஆமாமா,” என்றார். “தொண்டதான் கட்டிகினு இருக்குது.”

சொல்லிவிட்டு அக்காவின் கையிலிருந்து மாட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.